ஒரு மன்னனின் பெயர் 'மன்னன்' ஆன கதை

ரஷ்ய மொழியில் அரசனைக் 'கொரோல்' என்பர். செக், சேர்பிய மொழிகளில் அது 'க்ரால்'. போலிஷ் மொழியில் 'க்ருல்'. இவை யாவும் ஒரே சொல்லின் கிளைகள். அதன் வேர் அரசாட்சியைக் குறித்த எந்தச் சொல்லுமன்று, ஒரு தனிமனிதனின் பெயரே என்பது பெரும்பாலான மொழியியலாளரின் முடிபு.

அம்மனிதன், வரலாற்று நூல்கள் சார்லமேன் என அழைக்கும் பிராங்கிய மன்னன் கார்ல். 768ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த அவன், 800ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று உரோமாபுரியில் பாப்பரசர் மூன்றாம் லியோவின் கையால் பேரரசனாக முடிசூடினான், 814இல் மறைந்தான். எல்பை நதிக்குக் கிழக்கே வாழ்ந்த ஸ்லாவியர்மீது 789இல் படையெடுத்தான். 805இலும் 806இலும் அவனது சேனைகள் பொஹீமியாவுக்குள் புகுந்தன.

அன்று ஸ்லாவியரிடம் தமக்கென எழுத்து இருக்கவில்லை. ஆதலால் மூல ஸ்லாவிய மொழியில் ஏடெதுவும் எஞ்சவில்லை. அதன் வழிவந்த மொழிகளை ஒப்புநோக்கியே அறிஞர் அதன் சொற்களை மீட்டுருவாக்குகின்றனர். அவ்வாறு பெறப்பட்ட வடிவமே 'கொர்ல்யி'. 'கார்ல்' என்பதன் அகரம் ஸ்லாவிய நாவில் ஒகரமாயிற்று. பின்னர் அச்சொல் கிழக்கில் 'கொரோல்' எனவும் தெற்கில் 'க்ரால்' எனவும் பிரிந்தது. நகரைக் குறித்த பழஞ்சொல்லும் நொவ்கொரொட்டில் 'கொரொட்' எனவும் பெல்கிரேட்டில் 'க்ராட்' எனவும் பிரிந்தது இதே விதிப்படிதான். எனவே, கார்லின் பெயர் புகுந்த காலத்தில் அம்மாற்றம் இன்னும் முற்றுப்பெறவில்லை. ஸ்லாவியரின் பேச்சு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஏடில்லாத ஒரு மொழிக்கு ஒரு பெயரே காலக்கணக்காகிறது.

வந்த சொல் அந்நியமாக ஒதுங்கி நிற்கவுமில்லை. 'அரசனுடைய' என்பதற்குக் 'கொர்ல்யா', 'அரசனுக்கு' என்பதற்குக் 'கொர்ல்யு' என, குதிரையைக் குறிக்கும் சொல் திரியும் அதே வாய்பாட்டில் வேற்றுமை உருபுகளை ஏற்றது.

சீசரின் பெயர் ஜேர்மனியில் 'கைசர்' எனவும் ரஷ்யாவில் 'சார்' எனவும் பட்டமானதை நாமறிவோம். ஆனால் கார்லின் கதையில் ஒரு விநோதம் உண்டு. அவன் ஆண்ட மண்ணில் அரசன் என்பதற்குப் பிரெஞ்சுக்காரர் 'ருவா' என்கின்றனர். ஜேர்மனியர் 'கோனிக்' என்கின்றனர். அவன் பெயர் அங்கு பதவியாகவில்லை. அவனது வாளை எதிர்கொண்ட மக்களே, அரசன் என்றாலே அவன்தான் எனக் கொண்டு, அப்பெயரைத் தம் இலக்கணத்துள் வைத்துக் காத்தனர். வென்றவனின் நினைவை வெல்லப்பட்டவரின் நாக்கு சுமந்து வந்திருக்கிறது.