கஸ்டம் ரெக்கவரி இல்லாமல் போனை ரூட் செய்வது எப்படி? வங்கி ஆப் என்ன ஆகும்?

நெருளில் இருந்து ஐரோலிக்கோ சிஎஸ்எம்டிக்கோ தினமும் வேலைக்குப் போகிறவரா நீங்கள்? ரயில் டிக்கெட், யுபிஐ, சம்பளக் கணக்கு, ஆபீஸ் மெயில் எல்லாம் ஒரே போனில்தான் இருக்கும். கம்பெனி போட்டு அனுப்பிய ஆப்களும் விளம்பரங்களும் அதே போனில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். "ரூட் பண்ணிடு, இப்பல்லாம் கஸ்டம் ரெக்கவரிகூட வேண்டாம்" என்று நண்பர் சொல்லியிருப்பார். ரெக்கவரி வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் ரூட் செய்தால் நாளைக் காலை யுபிஐ வேலை செய்யுமா என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ரூட் என்றால் என்ன?

ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ். அதில் 'ரூட்' என்பது எல்லா உரிமையும் உள்ள பயனர். சாதாரண போனில் ஒவ்வொரு ஆப்பும் தன் அறைக்குள்தான் இருக்கும். பக்கத்து ஆப்பின் தகவலைத் தொட முடியாது. ரூட் என்பது எல்லா அறைக்கும் பொதுச் சாவி. நீங்கள் அனுமதி கொடுக்கும் ஆப்புக்கும் அந்தச் சாவி போய்ச் சேரும்.

ரெக்கவரி ஏன் தேவைப்பட்டது, இப்போது ஏன் வேண்டாம்?

முன்பு டிடபிள்யூஆர்பி போன்ற கஸ்டம் ரெக்கவரியை ஏற்றி, அதன் வழியாக சூப்பர்எஸ்யூ ஃபைலை சிஸ்டத்துக்குள் எழுதுவார்கள். 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7, ஏ/பி பகிர்வு முறையைக் கொண்டுவந்தது. அந்த முறைக்கு மாறிய பல போன்களில் ரெக்கவரிக்குத் தனி இடமே இல்லாமல் போனது. அதே 2016-ல் ஜான் வூ என்ற டெவலப்பர் வெளியிட்ட மேஜிஸ்க், சிஸ்டத்தைத் தொடாமல் பூட் இமேஜை மட்டும் மாற்றும் வழியைத் தந்தது. கணினியில் இருந்தே அதை எழுதிவிடலாம் என்பதால் ரெக்கவரிக்கு வேலை இல்லை.

எப்படி நடக்கிறது?

1. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' ஆன் செய்து, பூட்லோடரைத் திறக்க வேண்டும். இந்த இடத்தில் போனில் உள்ள எல்லாமே அழிந்துவிடும். பேக்கப் எடுக்காமல் தொடாதீர்கள்.

2. உங்கள் போனில் இப்போது இருக்கும் அதே பில்டு எண்ணுள்ள ஃபர்ம்வேரை இறக்கி, அதில் இருந்து பூட் இமேஜைப் பிரித்தெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 13-உடன் அல்லது அதற்குப் பிறகு அறிமுகமான போன்களில் பெரும்பாலும் இனிட்_பூட் இமேஜ்தான் தேவைப்படும்.

3. அதை போனில் போட்டு, மேஜிஸ்க் ஆப்பில் 'பேட்ச்' செய்ய வேண்டும்.

4. பேட்ச் ஆன ஃபைலைக் கணினிக்கு மாற்றி, ஃபாஸ்ட்பூட் மூலம் அதே பகுதியில் எழுத வேண்டும். சாம்சங் என்றால் ஃபாஸ்ட்பூட் கிடையாது, ஓடின்.

போன் ஆன் ஆகாமல் லோகோவிலேயே நின்றுவிட்டால், அசல் இமேஜைத் திரும்ப எழுதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதனால் அசல் ஃபைலைக் கணினியில் பத்திரமாக வைத்திருங்கள். பேட்ச் செய்த இமேஜ் உள்ளே இருக்கும்போது பூட்லோடரை மறுபடி பூட்டவே கூடாது. போன் எழுந்திருக்காமல் போகலாம்.

எல்லா போனிலும் இது முடியாது. பிக்சலில் சுலபம். ஷாவ்மியில் அனுமதி வாங்கிக் காத்திருக்க வேண்டும். பூட்லோடரைத் திறக்கவே விடாத கம்பெனிகளும் உண்டு.

'ஒரே க்ளிக்' ஆப் போதாதா?

2014-ல் ஜார்ஜ் ஹாட்ஸ் வெளியிட்ட டவல்ரூட், லினக்ஸில் இருந்த ஒரு ஓட்டையைப் பயன்படுத்தி, கணினியே இல்லாமல் ரூட் செய்தது. அந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. இதே மாதிரி ஓட்டைகளைத்தான் மால்வேரும் தேடுகிறது. 2016-ல் செக் பாயிண்ட் நிறுவனம் கண்டுபிடித்த கூலிகன் மால்வேர், போன்களைத் தானே ரூட் செய்து 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கூகுள் கணக்குகளைக் கைப்பற்றியது. இன்றைய போனை ஒரே க்ளிக்கில் ரூட் செய்வதாகச் சொல்லும் ஆப்பை நம்பாதீர்கள்.

வங்கி ஆப் ஏன் நிற்கிறது?

ஹார்பர் லைனில் ஏறி சிஎஸ்எம்டியில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் இருக்கும் ரிசர்வ் வங்கிக்கு இதில் பங்கு உண்டு. டிஜிட்டல் பணப் பரிமாற்றப் பாதுகாப்பு பற்றி 2021 பிப்ரவரியில் அது வெளியிட்ட உத்தரவு, போன் ரூட் செய்யப்பட்டதா என்று சோதித்து, அப்படி இருந்தால் ஆப்பை இயங்கவிடாமல் தடுக்கும் வழியை ஆராயச் சொன்னது.

ஆப்கள் பலவும் கூகுளின் 'பிளே இன்டெக்ரிட்டி' சேவையிடம் கேட்டுப் பார்க்கின்றன. பூட்லோடர் திறந்திருக்கிறதா என்பதை போனின் சிப்பே சான்று தந்து சொல்லிவிடும். ரூட்டை மறைக்கும் மாட்யூல்கள் இருக்கின்றன. இன்று வேலை செய்வது அடுத்த அப்டேட்டில் நின்றுவிடலாம். மாதம் ஒன்றாம் தேதி வீட்டு வாடகை அனுப்பும் நேரத்தில் அது நடந்தால் என்ன செய்வீர்கள்?

இன்னும் சில இழப்புகள்: ஆபீஸ் மெயில் இன்டியூன் வழியாக வருகிறது என்றால் கம்பெனி தடுத்துவிடலாம். சில போன்களில் நெட்ஃபிளிக்ஸ் ஹெச்டி தரத்தில் ஓடாது. சாம்சங்கில் நாக்ஸ் ஃபியூஸ் ஒருமுறை போனால் திரும்பாது. பிறகு ரூட்டை நீக்கினாலும் செக்யூர் ஃபோல்டர் கிடைக்காது.

சட்டப்படி தப்பா?

உங்கள் சொந்த போனை ரூட் செய்வதைக் குற்றமாகச் சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆனால் ரூட் கிடைத்த தைரியத்தில் ஐஎம்இஐ எண்ணை மாற்றினால் அது குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில், உங்களுக்கு ரூட் தேவையா என்று பாருங்கள். வேண்டாத ஆப்களைக் கணினியில் இருந்து ஏடிபி கட்டளை மூலம் உங்கள் கணக்கில் இருந்து நீக்கலாம். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள 'பிரைவேட் டிஎன்எஸ்' வசதியில் விளம்பரத் தடுப்பு சர்வரைக் கொடுத்தால் நிறைய விளம்பரங்கள் குறையும். இரண்டுக்கும் ரூட் வேண்டாம், டேட்டாவும் அழியாது.

கற்றுக்கொள்ளும் ஆசையில் செய்கிறீர்கள் என்றால், டிராயரில் தூங்கும் பழைய போனில் செய்யுங்கள். சிம்மும் வங்கி ஆப்பும் அதில் இருக்க வேண்டாம்.

லேமிங்டன் ரோட்டில் செகண்ட் ஹேண்ட் போன் வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். காசு கொடுப்பதற்கு முன் போனை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். பூட்லோடர் திறந்திருப்பதாக எச்சரிக்கை வந்தால், உங்களுக்கு முன் அந்த போனில் யார் என்ன மாற்றினார்கள் என்று உங்களால் கண்டுபிடிக்க முடியாது. அதில் யுபிஐ பின் போடாதீர்கள்.