மூடிய கதவுகள் வழியா ஒரு பியர் ரூட்

இன்னைக்கு ஒரு ரோடு ட்ரிப் பிளான் போடலாம். இடம், வடக்கு கலிஃபோர்னியா. சான் ஃபிரான்சிஸ்கோ, சோனோமா, ஹாப்லேண்ட், சிக்கோ. நாலு ஊர், நாலு கிராஃப்ட் ப்ரூவரி. ஆனா முதல் மூணும் மூடப்பட்டவை. அப்புறம் எதுக்குப் போகணும்? நாலாவது எப்படி நிலைச்சதுங்கிறதுக்கான பதில் அந்த மூணு ஊர்லதான் இருக்கு.

கொஞ்சம் பின்னணி. 1873-இல் அமெரிக்காவில் 4,000-க்கும் மேற்பட்ட ப்ரூவரிகள் இருந்தன. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அது நீங்கிய பிறகு, பெரிய கம்பெனிகள் சின்னவற்றை ஒவ்வொன்றாக விழுங்கின. 1970-களின் கடைசியில் மிஞ்சியது 100-க்கும் குறைவு. கடைக்குப் போனா, எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் கிட்டத்தட்ட ஒரே ருசிதான்.

முதல் நிறுத்தம் சான் ஃபிரான்சிஸ்கோ, ஆங்கர் ப்ரூவரி. 1965-இல் மூடப்படும் நிலையில் இருந்த அதன் பெரும்பங்கை வாங்கியவர் ஃபிரிட்ஸ் மேடாக். வாஷிங் மெஷின் கம்பெனிக் குடும்பத்துப் பையன். பழைய பாணி பியரைத் தரமாகச் செய்தாலும் ஆள் வாங்குவாங்கன்னு காட்டினார். 2017-இல் ஜப்பானின் சப்போரோ அதை வாங்கியது, 2023-இல் மூடியது.

அடுத்து சோனோமா. கடற்படையில் ஸ்காட்லாந்தில் இருந்தப்போ அங்கத்திய ஏல் வகைகளை ருசி பார்த்தவர் ஜாக் மெக்காலிஃப். 1976-இல் நியூ ஆல்பியன் ப்ரூவரியைத் தொடங்கினார். கையில் காசு இல்லை. பழைய டிரம்களை வைத்துத் தானே கட்டினார். பியர் நல்ல பியர். ஆனா ஒரு தடவைக்குச் சுமார் 170 லிட்டர்தான் காய்ச்ச முடியும். அந்த அளவில் எவ்வளவு உழைச்சாலும் கட்டுப்படியாகாது. பேங்க் கடனும் கிடைக்கலை. 1982-இல் மூடினார்.

அதோட முடிஞ்சதான்னா, இல்லை. அவருடைய சாமான்கள் வடக்கே ஹாப்லேண்டுக்குப் போயின. அங்கே 1983-இல் மெண்டோசினோ ப்ரூயிங் திறந்தது. நமக்குத் தெரிஞ்ச பெயர் ஒண்ணு இங்கே வருது: 1997-இல் இதைக் கையில் எடுத்தது விஜய் மல்லையாவின் யுபி குழுமம். 2018-இல் இதுவும் மூடியது.

கடைசியா, கிழக்கே திரும்பி, கிளியர் லேக் ஏரியைத் தாண்டி சிக்கோ. இங்கே கென் கிராஸ்மன் முதலில் நடத்தியது, வீட்டிலேயே பியர் காய்ச்சத் தேவையான பொருட்களை விற்கும் கடை. 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வீட்டில் பியர் காய்ச்சுவதை மத்திய அரசுச் சட்ட அளவில் குற்றமில்லாமல் ஆக்கியது. கிராஸ்மன் நியூ ஆல்பியனை நேரில் போய்ப் பார்த்தார். இந்த அளவு போதாதுன்னு கணக்குப் போட்டார். பழைய பால் பண்ணைப் பாத்திரங்களை வாங்கி, அதைவிடப் பல மடங்கு பெரிதாகக் கட்டினார். அதுதான் 1980-இல் பிறந்த சியரா நெவாடா. இன்னைக்கும் ஓடுது.

ஒருத்தர் நொடிச்சுப் போனதைப் பார்த்து இன்னொருத்தர் கணக்கைத் திருத்திக்கிட்டார். இன்று அமெரிக்காவில் 9,000-க்கும் மேற்பட்ட ப்ரூவரிகள். அதனால சோனோமாவைத் தாண்டும்போது, பார்க்க ஒண்ணுமில்லைன்னு வேகமா போயிடாதீங்க.

கிளம்பும் முன் ரெண்டு விஷயம். அங்கே 21 வயது ஆனவங்களுக்குத்தான் பியர். வண்டி ஓட்டுறவருக்கு ஒரு சொட்டும் வேண்டாம். அவருக்கான பாட்டிலை மூடி திறக்காம டிக்கியில வெச்சுடுங்க, ரூமுக்குப் போய்ப் பார்த்துக்கலாம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.