காத்து நின்று வெல்லல்: விலங்குப் போர் விளையாட்டுக்களில் தற்காப்புத் துணையின் வரலாறு

புறத்திணை இலக்கண வரலாற்றிலே ஒரு மாற்றம் கருத்தூன்றி நோக்கற்பாலது. தொல்காப்பியம் அரணை முற்றுதலையும் அரணைக் காத்தலையும் உழிஞை என்னும் ஒரே திணையுள் அடக்கிற்று. பிற்காலத்தெழுந்த புறப்பொருள் வெண்பாமாலையோ முற்றுவோனுக்கு உழிஞையும் காப்போனுக்கு நொச்சியும் எனத் திணைகளை வேறாக்கிற்று. மதிலின் உள்ளே நிற்பவன் வெளியே நிற்பவனின் நிழலல்லன். அவனுக்கெனத் தனித்தொழிலும் தனித்திறனும் உண்டு என்னும் உணர்வு இலக்கணத்திலே தெளிவுற இடம்பெறுவதற்குக் காலம் தேவைப்பட்டது.

விலங்குகளின் பெயரால் மனிதர் ஆடும் போட்டி விளையாட்டுக்களிலும் இதனையொத்த வரலாறு காணப்படுகிறது. முதலிற் புகழ்பெற்றது தாக்கும் விலங்கே. தமிழ்நாட்டின் விழுப்புரம் பகுதியிலுள்ள அரசலாபுரத்திலே சேவலின் உருவமும் வட்டெழுத்தும் பொறித்த நடுகல் ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. கோழிப்போரின் நினைவாக எழுந்த கல் அது என்பர். வீரனுக்குக் கல் நாட்டிய சமூகம் பொருத சேவலுக்கும் கல் நாட்டிற்று. ஒன்றோடொன்று தனித்துப் பொரும் அப்போட்டியில் துணைக்கு இடமில்லை. ஆதலாற் காத்து நிற்பதற்கும் இடமில்லை. பல உயிர்கள் ஓரணியாய் நின்று பொரும் விளையாட்டுக்களிலேயே தாக்காது துணைநிற்பதும் வெற்றிக்கு வழியாகும் என்ற எண்ணம் உருப்பெற்றது. அவ்வெண்ணம் தமிழரின் மண்கோட்டு விளையாட்டுக்களிலும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் யப்பானில் தோன்றிய மின்னணு விளையாட்டிலும் எவ்வாறு வளர்ந்தது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டுக்குப் பின் நின்ற ஆடு

தமிழகத்திற் பெருவழக்காயுள்ள ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் எதிரெதிர் நிற்கும். கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் இருபத்துமூன்று. அடுத்துள்ள ஆட்டின்மேற் பாய்ந்து அப்பாலுள்ள வெற்றிடத்தில் இறங்குவதனாற் புலி அதனை வெட்டும். ஆட்டுக்கோ வெட்டும் உரிமை சிறிதும் இல்லை. அது புள்ளியொன்றில் அமரும், எல்லா ஆடுகளும் இறங்கிய பின்னர் அண்டைப் புள்ளிக்கு நகரும், அவ்வளவே. எனினும் புலிகள் மூன்றும் அசைய வழியற்று நிற்கும்போது வென்றது ஆடே.

இவ்வெற்றியின் நுட்பம் ஒரே விதியில் அடங்கியுள்ளது. ஓர் ஆட்டின் பின்னுள்ள புள்ளியிற் பிறிதோர் ஆடு நிற்குமாயின் புலி அத்திசையிற் பாய இயலாது. பின்னின்ற ஆடு புலியைத் தீண்டவில்லை. முன்னின்ற ஆட்டினைச் சாவினின்றும் காத்தது. தனித்து நிற்கையில் இரண்டும் இரையே. ஒன்றன்பின் ஒன்றாய் நிற்கையில் இரண்டும் மதில். தற்காப்புத் துணை என்பதன் முழுப்பொருளும் இவ்வெளிய விதியிலேயே காணக்கிடக்கிறது.

இலங்கையிலும் இவ்வகை ஆட்டங்கள் வழங்கின. நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணியாற்றிய ஹென்றி பாக்கர் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய தமது நூலிலே நாட்டுப்புறத்துச் சிறுத்தை விளையாட்டுக்களை விவரித்துள்ளார். அவற்றுள் ஒன்று சிங்கள மக்களிடையே ‘தெமள திவியன் கெலிய’, அதாவது தமிழரின் சிறுத்தை விளையாட்டு, என்று பெயர் பெற்றிருந்தமை குறிப்பிடத்தக்கது. காத்து வெல்லும் கலை இனவெல்லை கடந்து பயின்றதற்கு அப்பெயரே சான்று.

கோட்டில் நின்ற கிளி

பலகையிற் கண்ட இந்நெறி ஆடுகளத்திலும் உண்டு. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், முள்ளியவளையை அடுத்து அமைந்துள்ளது தண்ணீரூற்று. நிலத்தடி ஊற்றினாற் பெயர்பெற்ற இவ்வூரையும் அயலூர்களையும் உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தில், வடபுலத்தின் பிற பகுதிகளிற் போலவே, கிளித்தட்டு பயின்று வந்துள்ளது. மண்ணிற் கீறிய கோடுகளும் ஆட்களுமே அதற்கு வேண்டிய கருவிகள்.

ஓரணியினர் கோடுகளைக் கடந்து மறுபுறம் சென்று மீள முயல்வர். மற்றோரணியினர் குறுக்குக் கோடுகளில் நின்று மறிப்பர். மறிப்போர் தத்தம் கோட்டினை விட்டு அகலல் ஆகாது. அவருள் ஒருவருக்கு மட்டுமே நடுக்கோட்டிலும் சுற்றுக்கோடுகளிலும் ஓடித்திரியும் உரிமையுண்டு. அவருக்குக் கிளி என்று பெயர். புலி என்றோ பருந்து என்றோ பெயரிடாது கிளி என்று மரபு பெயரிட்டது. ஆயினும் அணியின் மறிப்புக்கு உயிர்நாடி அக்கிளியே. குறுக்குக் கோட்டில் நிற்பவர் எதிரியை முன்னே தடுத்து வைத்திருக்க, கிளி பக்கவாட்டாகவோ பின்புறமாகவோ வந்து அவனைத் தொடும். முன்னவரின்றிக் கிளிக்குப் பயனில்லை. கிளியின்றி முன்னவருக்குத் துணையில்லை. ஆடுபுலியிற் பின்னின்ற ஆடு செய்த தொழிலையே இங்கு ஓடும் கிளி செய்கிறது. எதிரி எவ்விடத்தில் எவ்வேளையில் முன்னேறலாம் என்பதனை அவனிடமிருந்து பறித்துத் தன்வசமாக்குவதே இருவர்க்கும் பொதுவான தொழில்.

பொறியினுட் புகுந்த விலங்குகள்

இத்தொழில் பெரும்பரப்பில் மீண்டும் பேசப்பட்டது மின்னணு விளையாட்டின் வரவோடு ஆகும். இளமையிற் பூச்சிகளைத் தேடிச் சேர்ப்பதில் ஈடுபாடு கொண்டிருந்த சதோஷி தாஜிரி என்பவரின் எண்ணத்தில் உருவான ‘போக்கிமொன்’ விளையாட்டு, 1996 பெப்ரவரி 27ஆம் திகதி யப்பானில் வெளிவந்தது. கையடக்கப் பொறிகள் இரண்டினைக் கம்பியாற் பிணைத்து, தாம் வளர்த்த கற்பனை விலங்குகளை இருவர் பொருத வைக்கலாம். அதே 1996ஆம் ஆண்டில் வன்னியின் நிலை முற்றிலும் வேறாயிருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து பெயர்ந்தோரிற் பெருந்தொகையினர் அவ்வாண்டில் வன்னியை வந்தடைந்தனர். மின்வழங்கல் அற்றுப்போயிருந்த அந்நிலத்துச் சிறுவர்க்கு மின்பொறி விளையாட்டு எட்டாக்கனி, மண்கோடே எட்டியது. ஒரே காலத்தில் இருவேறு உலகங்களில் ஒரே நெறி பயிலப்பட்டதென்பது வரலாற்று மாணவர் எண்ணிப் பார்த்தற்குரியது.

புதிய விளையாட்டிலும் முதற்கவர்ச்சி தாக்கும் விலங்கின்பாலே சென்றது. எனினும் முதற்பதிப்பிலேயே சான்சி என்னும் விலங்கு, 250 என்னும் மிகுந்த உடல்வளமும் மிகக் குறைந்த தாக்குவலுவும் கொண்டு படைக்கப்பட்டிருந்தது. 1999ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த இரண்டாம் தலைமுறைப் பதிப்பில் அதன் வளர்ந்த வடிவமாகிய பிளிசி தோன்றிற்று. அதன் உடல்வள எண் 255. எட்டு இருமக் குறிகளால் எழுதத்தக்க ஆகப்பெரிய எண் அதுவே. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உடல்வளத்தின் பதினாறில் ஒரு பங்கினை மீளளிக்கும் உணவுப்பொருளும் அப்பதிப்பிலேயே அறிமுகமாயிற்று. உருக்குச் சிறகு கொண்ட ஸ்கார்மரி உடலால் தாக்கும் அடிகளைத் தாங்கவும், பிளிசி சிறப்புத் தாக்குதல்களைத் தாங்கவுமாக இரண்டினையும் இணைத்து ஆடும் முறை ஆட்டக்காரரிடையே புகழ்பெற்றது. ஒன்றுக்கு இயலாததனை மற்றொன்று தாங்கும் இவ்விணைப்பு, ஆட்டுக்குப் பின் ஆடு நிற்கும் முறையின் மறுவடிவம் எனலாம்.

ஆயினும் அக்காலத்துப் போட்டிகள் பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்றாகவே நிகழ்ந்தன. அங்கே தற்காப்பு என்பது தன்னைத் தாங்குதலாகவே அமைந்தது. பக்கத்தில் நிற்பவனைத் தாங்குதலாக வளரவில்லை. 2002ஆம் ஆண்டு நவம்பரில் வந்த மூன்றாம் தலைமுறைப் பதிப்பு இரட்டைப் போரினை அறிமுகம் செய்தது. ஒவ்வோரணியிலும் இரண்டு விலங்குகள் ஒருங்கே களத்தில் நின்றன. ‘என்னைத் தொடர்’ எனப் பொருள்படும் செயலொன்றும் அப்பதிப்பிற் சேர்ந்தது. அதனைச் செய்யும் விலங்கு, அச்சுற்றில் தன் துணைவனை நோக்கி வரும் ஒற்றையிலக்குத் தாக்குதல்களைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். இவ்வாறாகத் தற்காப்பு தன்னலத்தினின்றும் விடுபட்டுத் துணையாக மாறிற்று. 2009ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் இவ்விளையாட்டின் உலகப் போட்டிகள் இரட்டைப் போரினையே முறையாகக் கொண்டமையால், துணைநிற்கும் விலங்கின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

அணிலின் வெற்றி

இவ்வரலாற்றின் சிறந்த நிகழ்ச்சி 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் வாசிங்ரன் நகரில் நிகழ்ந்தது. அவ்வுலகப் போட்டியின் முதியோர் பிரிவில் வென்றவர் தென்கொரியாவைச் சேர்ந்த பார்க் சேஜுன். இறுதிப் போட்டியில் அமெரிக்கரான ஜூடி அசரெல்லியை அவர் எதிர்கொண்டார். அவரது அணியில் நின்று பார்த்தோரை வியப்பிலாழ்த்திய விலங்கு பச்சிரிசு. பச்சி என்பது மின்பொறி வெடிக்கும் ஒலிக்குறிப்பு. ரிசு என்பது யப்பானிய மொழியில் அணில். 2006ஆம் ஆண்டு அறிமுகமான இச்சிறு மின்னணிலின் அடிப்படை ஆற்றல்களின் கூட்டுத்தொகை 405. அதே அணியில் நின்ற கார்சொம்பின் கூட்டுத்தொகையோ 600. அழகுக்காக வளர்க்கத்தக்கதே யன்றிப் போருக்குதவாதது என்று பலர் கருதிய விலங்கு அது.

பார்க் அதனைத் தாக்கும் விலங்காக்க முயலவில்லை. பயிற்சிப் புள்ளிகளில் 252ஐ உடல்வளத்துக்கும் 252ஐத் தற்காப்புக்கும் அளித்தார். அதன் நான்கு செயல்களுள் ஒன்று ‘என்னைத் தொடர்’. மற்றொன்று தன்னைக் காத்துக்கொள்வது. மூன்றாவது எதிரியை முடக்குவது. நான்காவது எதிரியின் எஞ்சிய உடல்வளத்தைப் பாதியாக்குவது. இறுதி இரண்டின் பயனும் அணிலின் தாக்குவலுவைப் பொறுத்ததன்று. வலுவற்ற விலங்குக்கு வலு தேவைப்படாத தொழில்களையே தேர்ந்தமை அவரது நுண்ணறிவுக்குச் சான்று.

பச்சிரிசுக்கு மின்தாக்குதலை உறிஞ்சி உடல்வளமாக மாற்றும் இயல்புண்டு. அணியின் பெருவிலங்குகளுள் ஒன்றாகிய கியாரடோஸ் நீரும் பறப்பும் சேர்ந்த இயல்பினதாகலின், தன் இயல்பான வடிவில் மின்னடியால் நான்குமடங்கு ஊறுபடும். அணில் பக்கத்தில் நின்று அவ்வடியினைத் தன்பால் இழுக்கையில், பெருவிலங்கைக் கொல்லவேண்டிய மின்னல் சிறுவிலங்குக்கு மருந்தாயிற்று. எதிரியின் தாக்குதல் எங்கு விழும் என்பதனை முடிவு செய்யும் உரிமை எதிரியிடமிருந்து பறிபோயிற்று. இராமனின் அணைக்கு மணல் சுமந்த அணிலின் கதையைத் தமிழுலகம் நன்கறியும். அவ்வணில் அன்பின் பொருட்டுப் போற்றப்பட்டது. அதன் மணலின்றியும் அணை எழுந்திருக்கும். வாசிங்ரனில் நின்ற அணிலோ பயனின் பொருட்டே போற்றத்தக்கது.

மறுப்பும் விடையும்

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உளர். ஒரு வெற்றியைக் கொண்டு பொதுநெறி வகுத்தல் தகாது என்பது ஒன்று. அம்மறுப்பிற் பொருளுண்டு. பச்சிரிசு அதன் பின்னர் எல்லா அணிகளிலும் இடம்பெற்ற விலங்காகிவிடவில்லை. அவ்வாண்டின் விதிகள், எதிரணிகளிற் பெருவழக்காயிருந்த விலங்குகள், தன் அணியின் தேவை ஆகிய மூன்றும் பொருந்திய இடத்திலேயே அது வென்றது. ஆயினும் இதுவே துணைவனின் இலக்கணமுமாகும். தாக்கும் விலங்கின் தகுதியைத் தனியே அளக்கலாம். துணைநிற்பதன் தகுதியைப் பக்கத்தில் நிற்பதனோடு சேர்த்தே அளத்தல் வேண்டும். 405 என்னும் எண்ணை மட்டும் நோக்கியோர் பிழைபட்டமைக்குக் காரணமும் இதுவே.

காத்தே நிற்பது ஆட்டத்தைத் தேக்கமுறச் செய்யும் என்பது மற்றொன்று. வெறுமனே தாங்கி நிற்பதற்கு இது பொருந்தும். ஆனால், ஆடு அசையாது நின்று வெல்வதில்லை. ஒவ்வோர் அடியிலும் புலியின் வழியொன்றினைக் குறைத்தே வெல்கிறது. கிளியும் ஓடியே காக்கிறது. அணிலும் துணைவனுக்கு ஒரு சுற்றினைப் பெற்றுத் தந்தே காத்தது. துணைவன் பெற்றுத் தரும் அவ்வொரு சுற்றில் தாக்கத்தக்க தோழன் இல்லையாயின் அக்காவல் வீணே.

முடிவுரை

பலகையிலும் மண்ணிலும் பொறியிலும் வழங்கிய மூன்று விளையாட்டுக்களும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தன என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பலர் ஓரணியாய் நிற்கும் இடமெங்கும் காவலின் மதிப்பு கண்டறியப்படும் என்பதற்கே அவை மூன்றும் சான்று பகர்கின்றன. எனினும் அச்சான்றுகள் நிலைத்த வகையில் பெரும் வேறுபாடு உண்டு. பச்சிரிசின் பயிற்சிப் புள்ளிகள்கூட எண் பிசகாது பதிவாகியுள்ளன. தமிழகக் கோயிற் கற்றளங்களிற் கீறிய ஆடுபுலிக் கட்டங்களும் எஞ்சியுள்ளன. வன்னியின் மணலிற் கீறிய கோடுகளோ அடுத்த மழையோடு அழிந்தன. 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009இலும் தண்ணீரூற்று, முள்ளியவளை மக்கள் தம் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர்; பின்னரே மீண்டனர். கோடு கீறிய முற்றத்தையும் உடன்நின்ற ஆட்களையும் ஒருங்கே இழந்த தலைமுறை அது. வேண்டிய கருவி மண்ணும் ஆட்களுமே என்னும் விளையாட்டுக்கு அவ்விரண்டையும் இழத்தலினும் பெரிய இழப்பு வேறில்லை.

அவ்வூர்களில் கிளியாய் நின்று ஓடியோர் இன்றும் உளர். ஊருக்கூர் வேறுபடும் விதிகள், கிளியைத் தேர்ந்த முறை, ஆட்டத்தில் வழங்கிய சொற்கள் ஆகியவற்றை அவர் வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்தல் தமிழ் மாணவர்க்கு உடனடியாக இயலும் பணியாகும். சேவலுக்குக் கல் நாட்டிய மரபு கிளிக்கு ஓர் ஏடாவது எழுதுதல் வேண்டும். அது நிகழாதாயின், காத்து நின்று வெல்லும் கலையைத் தன் முற்றத்திலேயே பயின்ற ஒரு சமூகம், அதனைப் பிறநாட்டாரின் பொறியிலிருந்து புதியதாகக் கற்கும் நிலை உருவாகும்.