நாற்பொருளும் ஐந்தாம் பங்கும்

கிணத்துக்கடவுப் பொன்மலையில் எழுந்தருளியுள்ள வேலாயுதப் பெருமானை வணங்கிப் படியிறங்குகையில், சுற்றிலும் தோட்டங்களும் கிணறுகளும் நம் கண்ணிற்படுகின்றன. மேற்குத் தொடரின் மழைமறைவில் கிடக்கும் இம்மண்ணில் பாறையுடைத்து நீர் கண்டவர் நம் முன்னோர். கவலை பூட்டி நீரிறைத்த அவர்களிடம் பொருளீட்டல் இழிவென்று எவரும் சொல்லியிருக்க மாட்டார். நம் சமயமும் அவ்வாறு சொல்லவில்லை. உறுதிப்பொருள் நான்கனுள் பொருளும் ஒன்றன்றோ? 'அறமும் வீடும் பழங்கதை, நடுவிலுள்ள பொருளும் இன்பமுமே இக்காலத்துக்குப் போதும்' என்பார் கூற்றே நாம் ஆராயத் தக்கது.

கோவையில் முதல் நூலாலை 1888இல் எழுந்தது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின, செல்வமும் பெருகிற்று. அதற்கு முன்பே, 1926இல், பீளமேட்டில் ஒரு செயல் நிகழ்ந்தது. பி. எஸ். கோவிந்தசாமி நாயுடு அவர்களின் மைந்தர் நால்வர் குடும்பச் சொத்தைப் பிரித்தபோது, நான்காக அன்றி ஐந்தாகக் கூறிட்டு, ஐந்தாம் கூற்றை அறத்துக்கென வைத்தனர். அவ்வறநிலையம் 1951இல் தொழில்நுட்பக் கல்லூரி கண்டது. மருத்துவப் பணியும் பின்னர் வளர்ந்தது.

இதில் நாம் வியப்பது தொகையை அன்று. உண்டு உடுத்து மிஞ்சியதைக் கொடுப்பது ஒரு வகை. பங்கு பிரிக்கும் நாளிலேயே அறத்தையும் ஓர் உடன்பிறப்பாக உட்கார வைப்பது வேறு வகை. தென்புலத்தார், தெய்வம், விருந்து, சுற்றம், தான் என்னும் ஐவரைப் பேணுதல் இல்வாழ்வான் கடன் என்றார் வள்ளுவர். இவ்வைந்துக்கும் ஐந்து கூறு வேண்டுதலின் அரசனுக்கு இறை ஆறிலொன்றாயிற்று என்று பரிமேலழகர் கணக்கிட்டுக் காட்டுகிறார். அக்கணக்கில் நமக்குரியது ஒரு கூறே! பீளமேட்டார் பிரிவினை அதனினும் எளிது. ஆயினும் நம்முள் எத்தனை பாகப்பத்திரங்களில் அவ்வெளிய ஐந்தாம் கூறு காணப்படுகிறது?

பெரியபுராணத்து நேச நாயனார் நெசவாளர். தறியை விட்டு அவர் காடு செல்லவில்லை. நெய்த ஆடையையும் கோவணத்தையும் அடியார்க்கு அளித்தே பேறு பெற்றார். தறியொலி மிக்க கொங்கு நாட்டார்க்கு அவர் அயலார் அல்லர்.

வீட்டுக்கு வள்ளுவர் தனிப்பால் வகுக்கவில்லை. அது சிந்தையும் மொழியும் செல்லா நிலைமைத்து, காரணவகையாற் கூறப்படுவதன்றி இலக்கணவகையாற் கூறப்படாது என்பது உரையாசிரியர் கருத்து. பேரூர்ப் பட்டீசுவரர் திருத்தலத்தில் பிறவாப் புளியும் இறவாப் பனையும் உள்ளன. புளியின் விதை முளைப்பதில்லை என்பர். இரு பெயரும் வீட்டையே நினைவூட்டுவன. அவற்றைக் கண்டு கைகூப்பி, மாலைப் பேருந்தில் தோட்டத்துக்குத் திரும்புவோர் பெரும்பாலும் இல்லறத்தாரே.