பந்தலூர் ஓடையில் பொன் அரித்த கதை

இப்போது கடையில் வாங்கும் அரிசியில் கல்லே கிடையாது. கல் அரிப்பது என்றால் என்ன என்று பேத்திக்கு உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கிறது. நம் அம்மாமார்கள் இரண்டு பாத்திரங்களை வைத்துக்கொண்டு அரிசியைத் தண்ணீரோடு அலைத்து அலைத்து மாற்றி ஊற்றுவார்கள். அரிசி தண்ணீரோடு போய்விடும், கல் அடியில் தங்கிவிடும். ஓடையில் பொன் எடுப்பதும் இதே கைவேலைதான். அதற்கும் பெயர் அரிப்பதுதான். நகைப்பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அள்ளிப்போய்ப் பொன் துகள் எடுப்பவர்களை அரிப்புக்காரர் என்போமே, நினைவிருக்கிறதா?

1978-ல் எனக்குப் பந்தலூருக்கு மாற்றல் வந்தது. நீலகிரியில் இருந்தாலும் ஊட்டிக் குளிர் கிடையாது; மழையும் அட்டையும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடைக்கரையில் பணியர் இனத்துப் பெரியவர் ஒருவர் குழிந்த மரத்தட்டோடு குந்தியிருந்ததைப் பார்த்தேன். ஓடை வளையும் இடத்தில், பாறைக்குப் பின்னால் இருந்த சரளையை மட்டும் அள்ளினார். தட்டைத் தண்ணீரில் முக்கி வட்டமாக ஆட்டினார். முதலில் கூழாங்கல்லும் பிறகு வெள்ளை மணலும் போயின. கடைசியில் ஒரு சிட்டிகை கருமணல் மிஞ்சியது. அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவு மஞ்சள். "நேரம் இருட்டுற வரைக்கும் அரிச்சா ரெண்டு கடுகு கிடைக்கும் சாரே" என்றார்.

அடுத்த வாரமே நானும் அலுவலக நண்பரும் எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். தட்டு முழுக்க மினுக்கல். பெரியவரிடம் ஓடிப்போய்க் காட்டினோம். அவர் தட்டைச் சாய்த்துத் தண்ணீரை விட்டார், மினுக்கல் எல்லாம் மிதந்து போய்விட்டது. காக்காப்பொன்! நிஜப்பொன் தண்ணீரைப் போல் 19 மடங்கு கனம், மணல் இரண்டரை மடங்கு சொச்சம்தான். எது மிதந்து ஓடுகிறதோ அது பொன் இல்லை. இந்தச் சின்னக் கணக்கு தெரியாமல் தோற்றவர்கள் நாங்கள் இருவர் மட்டும் அல்ல என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்தப் பகுதி, அதாவது தென்கிழக்கு வயநாடு, 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. நிலத்தில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தாருக்குச் சொந்தம். ஓடைகளில் பொன் அரித்தவர்கள் அவர்களுடைய அடிமைகளாக இருந்த பணியர்கள். குறும்பர்கள் வெண்கல் பாறையைக் குடைந்தும் பொன் எடுத்திருக்கிறார்கள். 1843-ல் அடிமை முறையைச் சட்டம் ஒழித்தது. ஆனால் பணியர்களின் கொத்தடிமை வாழ்க்கை அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது. 1831-ல் அரசாங்கம் நிக்கல்சன் என்ற ராணுவ அதிகாரியை அனுப்பிப் பொன்வளத்தைப் பார்த்து வரச் சொன்னது. அவர் ஆர்வத்தோடு எழுதினார். ஆனால் அடுத்து ஆராய்ந்த குழு, வெள்ளைக்காரர் முதல் போடும் அளவுக்கு இங்கே பொன் இல்லை என்று 1833-ல் சொல்லிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. 1870-களில் காப்பித் தோட்டங்களை இலைநோய் தாக்கி, தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் இருந்த பிரப் ஸ்மித் என்பவரை அரசாங்கம் வரவழைத்தது. அவருடைய அறிக்கை 1880-ல் வெளியானது. லண்டனில் பித்துப் பிடித்தாற்போல் ஆகிவிட்டது. இரண்டே ஆண்டுகளில் டஜன் கணக்கில் கம்பெனிகள், லட்சக்கணக்கான பவுன் மூலதனம். செத்துக்கொண்டிருந்த காப்பித் தோட்டம் பொன் நிலம் என்று பெயர் மாறி, பல மடங்கு விலைக்குக் கைமாறியது. பங்குதாரர் பணத்தில் பெரும்பங்கு நிலத்தை விற்றவர் பைக்கும் தரகர் பைக்கும் போயிற்று. பாறையை உடைக்கும் உலக்கை இயந்திரங்கள் கப்பலில் வந்து மாட்டு வண்டியில் மலையேறின. அவற்றில் சில ஒரு நாள்கூட ஓடவில்லை.

ஓடின இடத்திலும் ஏமாற்றம்தான். பாறையைப் பொடியாக்கி, பாதரசம் பூசிய செப்புத் தகட்டின்மேல் ஓடவிட்டால் பொன் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் மேலே தெரிந்த வளம் ஆழத்தில் இல்லை. போதாததற்கு வயநாட்டு மலேரியா வேறு. சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லாக் கம்பெனியும் மூடிவிட்டன. 1908-ல் நீலகிரி கெஜட்டியர் எழுதிய பிரான்சிஸ் இந்தக் கூத்தை விவரமாகவே எழுதியிருக்கிறார். அதே காலத்தில் தொடங்கிய கோலார் மட்டும் 2001 வரை ஓடியது. அங்கே பொன் ஆழத்தில் இருந்தது, இங்கே இல்லை.

லண்டனில் நஷ்டப்பட்டவர்களுக்காக எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. சுரங்கம் தோண்டிக் காய்ச்சலில் செத்த கூலிகளின் பெயர் நான் பார்த்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

அவர்கள் தோண்டிய குகைகள் தேவாலா பக்கம் இன்னும் வாய் திறந்து கிடக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் வேலை குறைந்த காலங்களில் இளைஞர்கள் இரவில் டார்ச் விளக்கோடு உள்ளே போவார்கள். மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் சிலர் திரும்பவில்லை. அதிகாரிகள் அடைப்பார்கள், மறுபடி திறந்துகொள்ளும். இங்கிருந்து இறங்கும் பாண்டியாறு கீழே புன்னப்புழையாகிச் சாலியாற்றில் சேர்கிறது. அங்கே நிலம்பூர்க் காட்டில் மோட்டார் பம்பு வைத்து ஆற்றடி மணலை உறிஞ்சி, படிக்கட்டுப் பலகையில் ஓடவிட்டுப் பொன் தேடுகிறார்கள். தட்டு ஒரு நாளில் அரிப்பதை இயந்திரம் சில நிமிஷங்களில் அரிக்கும். ஆற்றின் அடிமடி கலங்கிப்போகும். வனத்துறை பம்புகளைப் பறிமுதல் செய்ததாகச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது.

அந்தப் பெரியவர் தன் இரண்டு கடுகை இலையில் மடித்துச் சந்தைக்குக் கொண்டுபோவார். குன்றிமணி வைத்து நிறுப்பவர் சொன்னதுதான் விலை. ஒருமுறை நானும் கூடப் போனேன். ஒரு படி அரிசியும் கொஞ்சம் புகையிலையும் கிடைத்தன. தராசு சரியாக நிற்பதற்குள்ளேயே அந்த ஆள் குன்றிமணியை எடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்கப் போனேன். பெரியவர் என் கையைப் பிடித்து வேண்டாம் என்று தலையாட்டினார். மறுவாரமும் அவர் அதே ஆளிடம்தான் போக வேண்டும்.