சனிக்கிழமை மிட்டாய்

ஸ்வீடனில் குழந்தை வளர்க்கிற எல்லாருக்கும் தெரிந்த ஒரு சொல் 'லெர்டாக்ஸ்கூடிஸ்'. சனிக்கிழமை மிட்டாய் என்று அர்த்தம். வாரம் முழுக்க மிட்டாய் கிடையாது. சனிக்கிழமை கடைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, பிடிச்சதை அள்ளிப் பையில போட்டுக்கலாம். கேட்க அழகா இருக்கு இல்லையா? இந்த யோசனை எங்கேயிருந்து வந்தது என்பதுதான் இன்றைய எபிசோடு. அது அவ்வளவு அழகான கதை இல்லை.

1930-களில் ஸ்வீடன் மக்களின் பல் படுமோசம். சின்னக் குழந்தைகளுக்கே சொத்தை. 1938-ல் நாடாளுமன்றம் பொதுப் பல் மருத்துவச் சேவைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆனா இருக்கிற பல் டாக்டர்களை வெச்சு அத்தனை பல்லையும் அடைச்சு முடிக்க முடியுமா? வராமல் தடுக்க வேண்டும். அதற்குக் காரணம் தெரிய வேண்டும். சர்க்கரை மேல் பலருக்கும் சந்தேகம் இருந்தது. மனிதர்களிடம் யாரும் உறுதியாக நிரூபிக்கவில்லை.

லுண்ட் நகரத்தில் விபெஹோல்ம் என்றொரு மருத்துவமனை. 1935-ல் திறந்தது. கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை, 'இவர்களுக்கு எதையும் கற்பிக்க முடியாது' என்று அரசு முத்திரை குத்தியவர்களை, அங்கே வைத்திருந்தார்கள். 1945-ல் பல் ஆய்வு தொடங்கியது. முதலில் வைட்டமின். 1947-ல் சர்க்கரைக்கு மாறினார்கள். அரசின் ஆய்வுதான், ஆனால் சர்க்கரை, மிட்டாய் கம்பெனிகளின் பணமும் அதில் இருந்தது.

நோயாளிகளைக் குழு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாப்பாட்டோடு சர்க்கரைக் கரைசல், ஒரு குழுவுக்கு இனிப்பு ரொட்டி, ஒரு குழுவுக்குச் சாக்லேட். இன்னும் இரண்டு குழுக்களுக்கு டாஃபி: ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 8, மற்றதுக்கு 24. பல்லில் நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றே தனியாகச் செய்த டாஃபி அது. கொடுத்தது சாப்பாட்டுக்கு நடுவில்.

சாப்பாட்டோடு நிறையச் சர்க்கரை எடுத்தவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. டாஃபி தின்றவர்களுக்கோ பல் வேகமாக அழிந்தது. டாஃபியை நிறுத்த வேண்டிய அளவுக்குப் போனது. 1954-ல் முடிவுகள் வெளிவந்தன. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டியிருக்கிறது என்பதே முக்கியம்.

காரணம் எளிது. இனிப்பு வாயில் பட்டதும் கிருமிகள் அதை அமிலமாக்கும். எச்சில் அந்த அமிலத்தை ஆற்ற அரை மணி நேரம்கூட ஆகலாம். அதுக்குள்ள அடுத்த மிட்டாய் விழுந்தா? பல்லுக்கு ஓய்வே இல்லை. பால் பாட்டிலை வாயில் வெச்சபடியே தூங்குற குழந்தைக்கு முன்பல் கரைவதும் இதே கணக்குதான். தூக்கத்தில் எச்சில் வேறு குறைந்துவிடும்.

இந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் 'மிட்டாயை வாரத்துக்கு ஒருநாள் மட்டும் கொடுங்க' என்று ஸ்வீடன் சுகாதாரத் துறை பெற்றோர்களிடம் சொல்ல ஆரம்பித்தது. அங்கே இன்றைக்கும் மிட்டாய் கொஞ்சமா சாப்பிடுறதில்லை, அதையும் சொல்லணும். குழந்தைகளின் பல் தேறியதுக்குச் சனிக்கிழமையை மட்டும் பாராட்டவும் முடியாது. 1960-களில் பள்ளிகளில் வந்த ஃப்ளோரைடு கொப்பளிப்புக்கும், பிறகு ஃப்ளோரைடு பற்பசைக்கும் பெரிய பங்கு உண்டு.

எனக்கு உறுத்துவது வேறு. விபெஹோல்மில் சர்க்கரைச் சோதனைக்கு மாறிய அதே 1947-ல்தான் நியூரம்பெர்க் தீர்ப்பு, சோதனைக்கு உட்படுபவரின் சம்மதம் கட்டாயம் என்று எழுதியது. இங்கே யாரையும் கேட்கவில்லை. 'அந்தக் காலம் அப்படி' என்று சிலர் சொல்வார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 1950-களிலேயே ஸ்வீடன் பத்திரிகைகளில் இதைப் பற்றிச் சண்டை நடந்திருக்கிறது. தங்கள் பிள்ளைகளுக்கு இப்படிச் செய்ய அந்த ஆய்வாளர்கள் விட்டிருப்பார்களா?

எலின் பொம்மெனெல் என்ற ஆய்வாளர் 2006-ல் இந்தச் சோதனைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வே எழுதினார். சர்க்கரைக்கும் சொத்தைக்கும் உள்ள தொடர்பைப் பேசும் பல் மருத்துவப் பாடநூல்கள் இன்றும் விபெஹோல்மை மேற்கோள் காட்டுகின்றன. அதில் இருப்பது குழு எண்ணும் டாஃபி எண்ணிக்கையும்தான், பெயர்கள் இல்லை.

மருத்துவமனை மூடப்பட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த வளாகத்தில் இப்போது ஒரு மேல்நிலைப் பள்ளி நடக்கிறது.