மூடிய வட்டமும் வன்னியின் நீரும்

வன்னிப் பெருநிலத்தின் வரலாறு பெரிதும் குளங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. குளங்களைக் கட்டியோர் யாவர், அவை தூர்ந்தது ஏன், குடியேற்றங்கள் எழுந்தது எவ்வாறு என்பனவே வழக்கமாக எழும் வினாக்கள். நீரை உயரத்துக்கு ஏற்றும் வேலைக்கான சத்தி எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு வரலாற்று வினாவே. வெப்பவியக்கவியலின் முதலாம் விதியைத் துணைக்கொண்டு அதனை ஈண்டு நோக்குவாம்.

1824இல் பிரெஞ்சுப் பொறியியலாளரான கார்னோ, வெப்பம் அழியாததொரு பொருள் என்றும், சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்குகையில் தான் குறைவுறாமலே அது வேலை தருகின்றது என்றும் கருதினார். 1840களில் ஆங்கிலேயரான யூல், வேலை வெப்பமாக மாறும் அளவைப் பரிசோதனையால் நிறுவினார். 1850இல் ஜேர்மனியரான குளோசியசு கார்னோவின் கருத்தைத் திருத்தினார். மூடிய வட்டமொன்றை முடித்துத் தொடக்க நிலைக்கு மீளும் தொகுதியின் அகச்சத்தியில் மாற்றம் இல்லை. ஆகவே, அது உட்கொண்ட வெப்பத்திலிருந்து வெளிவிட்ட வெப்பத்தைக் கழிக்க எஞ்சுவதே அது செய்த வேலையாகும். வரவின்றிச் செலவில்லை என்பதே இதன் சாரம்.

இயற்கையிலேயே இத்தகைய வட்டம் ஒன்று உண்டு. பரிதியின் வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகின்றது. உயரத்திற் குளிர்ந்து வெப்பத்தை வெளிவிட்டு மாரியாகப் பொழிகின்றது. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைக்கப்பட்ட இரணைமடு அந்நீரை உயரத்திலேயே தடுத்து வைக்கின்றது. வாய்க்கால் வழியே அது தானாக வயலுக்கு இறங்குகின்றது. குளத்தின் மிகைநீர் சுண்டிக்குளக் கடனீரேரியை அடைகின்றது. நீரை மேலேற்றிய வேலையைப் பரிதி முன்னரே செய்துவிட்டமையால் உழவன் எரிபொருள் தேடவேண்டியதில்லை.

மேட்டுநிலத்தின் நிலை வேறு. அங்கே கிணற்றுநீரை ஏற்றத் துலாவும் மனித உடலுமே நெடுங்காலம் பயன்பட்டன. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றபோது, விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களில் இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் தழைத்தன. நீரிறைக்கும் இயந்திரம் வன்னி உழவனின் இன்றியமையாக் கருவியாயிற்று.

அவ்வியந்திரத்தின் உருளையில் ஒவ்வொரு முறையும் புதுக்காற்றே புகுவதால் அது கண்டிப்பான பொருளில் மூடிய வட்டம் அன்று. எனினும், அதே காற்று வெப்பம் பெற்று, விரிந்து, வெப்பம் இழந்து மீள்வதாகக் கொண்டு கணிப்பது பொறியியல் மரபு. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிகையில் ஏறத்தாழ 35 மெகாயூல் வெப்பம் தரும். இயந்திரமும் பம்பியும் சேர்ந்து அதில் பத்திலொரு பங்கை வேலையாக்குவதாகக் கொள்வோம், எஞ்சிய 31.5 மெகாயூல் புகையோடும் சூட்டோடும் வெளியேறும். 1,000 லீற்றர் நீரை 6 மீற்றர் உயர்த்த 58,800 யூல் வேண்டும். எனவே, கிடைத்த 3.5 மெகாயூல் கிட்டத்தட்ட 60,000 லீற்றர் நீரை ஏற்றப் போதுமானது. உடலுழைப்பாளி ஒருவர் நெடுநேரம் தரக்கூடிய வலு 75 உவாற்று அளவினது. இழப்புகளை நீக்கிப் பார்த்தாலும், அதே வேலையைத் துலாவிற் செய்ய அவருக்குப் பதின்மூன்று மணிநேரம் செல்லும்.

இக்கணக்கின் வரலாற்றுப் பொருளை 1990களே உணர்த்தின. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருளும் அடங்கியது. ஒருசில துளி பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் பரவியது. அது மக்களின் மதிநுட்பத்துக்குச் சான்றே. ஆயினும் எரிபொருளின் வகையை மாற்றலாமேயன்றி, வெப்ப வரவை இன்மையாக்க இயலாது. மண்ணெண்ணெயும் அரிதாகி விலையேறிய வேளைகளில், பழுதற்ற இயந்திரமும் வாளாவிருந்தது. மறுக்கப்பட்ட ஒவ்வொரு லீற்றரும் பதின்மூன்று மணிநேர மனித உழைப்பாக உழவர் குடும்பத்தின் தோளில் இறங்கியது. குளத்தின்கீழ் உழுதோரும் உரமின்றியும் உழவு இயந்திரத்துக்கு எரிபொருளின்றியும் இடருற்றனர். எனினும் வாய்க்கால் நீர் இறங்குவதை எத்தடையும் நிறுத்தவில்லை.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தக் காலத்தில் தடைகள் தளர்ந்தன. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடியால் நாடெங்கும் எரிபொருள் அருகியபோது, போர் இல்லாமலே அதே நிலை மீண்டும் தோன்றியது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். குளமும் இயந்திரமும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. இரண்டும் வெப்பத்தைப் பெற்றே நீரை உயர்த்துகின்றன. ஒன்றின் வெப்பவரவு வானிலிருந்து வருவது. மற்றதன் வெப்பவரவு வீதித் தடையிலோ துறைமுகத்திலோ மறிக்கப்படக்கூடியது. வன்னியின் நீர்ப்பாசனத்தைத் திட்டமிடுவோர் நீரின் அளவோடு சத்தியின் வரவு யார் கையில் உள்ளது என்பதையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.